குழந்தைகளுக்கான காணொளி அல்ல

பியோ கும்நான் டீச்சர் மூன்றாம் வகுப்புக்கு வாழ்க்கைப்பட்டவர் என்று எங்கள் பள்ளியில் சொல்வார்கள். வேறு வகுப்பு கொடுத்தால் வாங்கமாட்டார். பெருக்கல் தெரிந்து வகுத்தல் தெரியாமல் முழிக்கும் வயதுதான் பிள்ளைகளிடத்தில் சுவாரசியமான வயது என்பது அவர் கட்சி. பள்ளி கொரியாவின் சம்சோக் கடற்கரையில், கணவாய் மீன் காயப்போடும் கம்பிகளுக்குச் சற்று மேலே இருந்தது. அதன் அலுவலகத்தில் பதிவேடுகள் என் பொறுப்பு. அதனால் இதில் நான் கண்டதைக் கண்டதாகவும், பிறர் சொல்லக் கேட்டதைக் கேட்டதாகவும் எழுதுகிறேன்.

கொள்ளைநோய் வந்த வருடம் வசந்தத்தில் பள்ளி திறக்கவில்லை. ஏப்ரலில் உத்தரவு வந்தது. பிள்ளைகள் வீட்டிலேயே இருக்கட்டும். ஆசிரியர்கள் பாடத்தைக் காணொளியாக எடுத்து இணையத்தில் போடட்டும். பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, கீழே கருத்து எழுதும் இடத்தில் தங்கள் எண்ணையும் பெயரையும் போட்டு 'வந்துட்டேன்' என்று எழுத வேண்டும். அதுதான் வருகை. எதைக் கொண்டு எடுப்பது, எதைக் கொண்டு வெட்டுவது என்று இலவசக் கருவிகளின் பெயர்களும் உத்தரவோடு வந்திருந்தன. எல்லாமே இலவசம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

டீச்சர் அவற்றை வரிசையாக முயன்றார். ஒரு கருவி ஐந்து நிமிடத்தில் தானாக நின்றது. மேலே வேண்டுமென்றால் பணம் கட்டு என்றது. இன்னொன்று தன் பெயரைக் காணொளியின் நடுவில் முத்திரை குத்தியது. அது சரியாக டீச்சரின் மூக்கின் மேல் விழுந்தது. மூன்றாவது, நீங்கள் மனிதர்தானா என்று சந்தேகப்பட்டு, படங்களைக் காட்டி, போக்குவரத்து விளக்குகளைத் தொடச் சொன்னது. எங்கள் ஊரில் போக்குவரத்து விளக்கே கிடையாது. டீச்சர் கப்பல்துறைக் கம்பத்தைத் தொட்டுத் தோற்றார்.

"நான் மனுஷி இல்லன்னு சொல்லிடுச்சு ஹாராம்" என்றார் பக்கத்து மேசையில் இருந்த பெக் ஹாராமிடம். ஹாராம் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர், இளைஞர்.

"எனக்கு ரொம்ப நாளாவே சந்தேகம் இருந்துச்சு டீச்சர்."

எப்படியோ திங்கட்கிழமை முதல் காணொளி ஏறியது. வகுத்தல், முதல் பாடம். சாயங்காலம் வரை டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தவர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய், வகுப்பில் இருக்கும் பிள்ளைகளைப் போல மூன்று மடங்கில் நின்றது. 'வந்துட்டேன்' என்று ஒருவரும் எழுதவில்லை. செவ்வாயும் அப்படியே.

"யாரோ பாக்கறாங்க. என் பிள்ளைங்க பாக்கல. இது எப்படி?" என்று என்னிடம் கேட்டார். கூட்டிப் பார்த்தேன், கழித்துப் பார்த்தேன். எனக்கும் பிடிபடவில்லை.

துணைத் தலைமையாசிரியர் சியோன் கெட்டவர் அல்ல. ஆனால் அவருக்கும் மேலிடம் இருந்தது. "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கலாம் டீச்சர். அதுக்குள்ள உங்க காணொளிக்குக் கீழ வருகை விழலேன்னா, பூசான்ல ஒரு டீச்சர் நல்லாப் பண்றாங்களாம், அவங்களதையே மூணாம் வகுப்புக்குப் போட்டுடலாம். இலவசந்தானே. பாதி நாடு அதைத்தான் பாக்குது. நீங்க மார்க் மட்டும் போட்டாப் போதும்."

"அப்போ வகுப்பு யாரோடது?"

"உங்களோடதுதான். பாடம் மட்டும் அவங்களோடது."

டீச்சர் அதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்ததாக ஹாராம் பிறகு சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு விளங்கவில்லையாம்.

அன்றே சேபோம் வீட்டுக்குப் போன் செய்தார். சேபோம் வகுப்பில் நாலாம் எண். கணவாய்ப் படகில் போகும் ஓக் சாங்பேயின் மகள். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"நான் வந்தேனே டீச்சர்! நாங்க எல்லாருமே வந்தோம்."

"எங்கடி வந்தீங்க? ஒரு பேரையும் காணோமே."

"உங்களதுக்குக் கீழ எழுத இடமே இல்ல. ரெண்டு மூணு தடவை திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தோம். பக்கத்துலயே வகுத்தல்னு இன்னொரு டீச்சர் இருந்தாங்க. அதுல இடம் இருந்துச்சு. ஜின்கியு மொதல்ல எழுதினான், அப்புறம் எல்லாரும் அங்கயே எழுதிட்டோம்."

"யாருடி அந்த டீச்சர்?"

"தெரியல. செவப்புக் கண்ணாடி போட்டிருப்பாங்க. அவங்க பாட்டுக்கு எண்ணெல்லாம் டான்ஸ் ஆடும்! 'வாங்க வாங்க, நீங்க எந்த ஊரு?'ன்னு பதில்கூட எழுதினாங்க."

தேடிப் பார்த்தோம். சியோன் சொன்ன அதே பூசான் டீச்சரின் காணொளிக்குக் கீழே எங்கள் மூன்றாம் வகுப்பு மொத்தமும் எண் வரிசை மாறாமல் உட்கார்ந்திருந்தது.

கும்நான் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லாத்தான் சொல்லிக்குடுக்கறா" என்றார். பிறகு, "எண்ணு எதுக்கு ஆடணும்?" என்றார்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் ஹாராம். "டீச்சர், ஏத்தும்போது ஒரு கேள்வி கேட்டிருக்குமே. இது குழந்தைகளுக்காக எடுத்ததான்னு. என்ன சொன்னீங்க?"

"ஆமான்னு சொன்னேன். பின்ன, மீனுக்கா எடுத்தேன்?"

"அங்கதான் மாட்டிக்கிட்டீங்க. ஆமான்னா கீழ யாரையும் எழுத விடாது. கண்டவங்க வந்து குழந்தைங்ககிட்ட வம்பு பண்ணக் கூடாதுல்ல? அதுக்காக மூடிடும்."

"கண்டவங்களுக்குப் பூட்டறேன்னு என் பிள்ளைங்களயே வெளிய தள்ளிட்டாங்களா?"

"இல்லன்னு மாத்திடுங்க. ஒரு நிமிஷ வேலை. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

டீச்சர் மாற்றவில்லை. என் மேசைக்கு வந்து நின்றார். "தொக்கோ சார், நீங்க சொல்லுங்க. மூணாம் வகுப்புப் பிள்ளைக்கு வகுத்தல் சொல்லிக்குடுத்துட்டு, இது பிள்ளைங்களுக்கு இல்லன்னு எழுதலாமா?"

"பதிவேட்டுல அப்படி எழுதினா நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"இது பதிவேடா?"

அது எனக்குத் தெரியவில்லை. பதிவேடு என்றால் அட்டை இருக்கும், பக்க எண் இருக்கும், பொறுப்பாக ஒருவர் இருப்பார். இதைக் கேட்டது யார், பதிலை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. ஆளே இல்லாத இடத்தில் சொன்னாலும் பொய் பொய்தானே என்றார் டீச்சர். நான் பார்லித் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

புதன்கிழமை அவர் காணொளி எதுவும் ஏற்றவில்லை. அன்றைக்கும் எங்கள் பிள்ளைகள் பூசான் வகுப்பில்தான் வருகை கொடுத்தார்கள்.

வியாழக்கிழமை காலை ஹாராமைக் கூப்பிட்டுப் போனைப் பிடிக்கச் சொன்னார். கரும்பலகைக்கு முன்னால் நின்றார். அது ஏப்ரல், கணவாய் பிடிக்கத் தடை இருக்கும் மாதம். அப்பாக்கள் எல்லாரும் தூண்டில் கொக்கிகளைத் தேய்த்துக்கொண்டு வீட்டில்தான் இருந்தார்கள்.

"சேபோம் அப்பா, ஜின்கியு அப்பா, மத்த எல்லா அப்பா அம்மாவும் வந்து உக்காருங்க" என்று ஆரம்பித்தார். "இன்னிக்குப் பாடம் உங்களுக்குத்தான். பிள்ளைங்க வேணும்னா பக்கத்துல உக்காந்து பாக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்ல. சேபோம் அப்பா, சிகரெட்ட அணைங்க. மொத ரெண்டு கணக்கும் பலகையில போட்டாச்சு, இப்ப மூணாவது: ஒரு கட்டு கணவாய், இருபது. அஞ்சு பேர் சமமாப் பிரிச்சா ஆளுக்கு எத்தனை? விடைய உங்க பேர்ல கீழ எழுதிப் போடணும்."

ஹாராம் சிரிப்பை அடக்கியதில் போன் ஆடியது. காணொளியிலும் கரும்பலகை ஆடுகிறது. ஏற்றும்போது கேள்வி வந்தது. இது குழந்தைகளுக்கானதா? டீச்சர் நிதானமாக 'இல்லை' என்பதைத் தொட்டார். என்னைத் திரும்பிப் பார்த்து, "இப்ப கையெழுத்துப் போடுவீங்களா?" என்றார். போடுவேன் என்றேன். ஆனால் எதில் போடுவது என்ற குழப்பம் எனக்குத் தீரவில்லை.

வெள்ளிக்கிழமை சியோன் அலுவலகத்துக்கு வந்து திரையைப் பார்த்தார். கீழே கருத்துகள் வரிசையாக இருந்தன. அத்தனையும் அப்பாக்கள், அம்மாக்கள்.

"என்னங்க இது? ஓக் சாங்பே, வந்துட்டேன், ஆளுக்கு ரெண்டுன்னு போட்டிருக்கு. ஜின்கியு அப்பாவும் ரெண்டுங்கறார். நாப்பத்தஞ்சு வயசு ஆளுங்களுக்கு நான் எப்படி மூணாம் வகுப்பு வருகை போடறது?"

"அதுக்கும் கீழ பாருங்க" என்றார் டீச்சர்.

ஒவ்வொரு கருத்துக்கும் அடியில் பதில் ஒன்று தொங்கியது. 'அப்பா தப்பு. நாலு. டீச்சர், எங்க அப்பாக்கு வகுத்தல் வரல. 4ஆம் எண், ஓக் சேபோம்.' 'எங்க அப்பா நான் சொல்றத நம்பமாட்டேங்கறார். நாலுதானே? 7ஆம் எண், ஜின்கியு.' எல்லா எண்ணும் இருந்தது.

சியோன் என்னைப் பார்த்தார். "தொக்கோ சார், இது வருகையா?"

"எண் இருக்கு, பேர் இருக்கு, தேதியும் இருக்கு" என்றேன்.

"ஆனா இது குழந்தைங்களுக்கான காணொளி இல்லேன்னு போட்டிருக்கே."

"இல்லதான்" என்றார் டீச்சர்.

சியோன் நெற்றியைத் தடவிக்கொண்டார். வருகை விழுந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார். பூசான் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

டீச்சர் உடனே சேபோம் வீட்டுக்குப் போன் போட்டார், இந்தத் தடவையும் ஒலிபெருக்கியில். "சேபோம் அப்பா, மூணாவது தப்பு. திரும்பப் போடணும்."

"எப்படித் தப்பு டீச்சர்? இருபதுல பாதி படகு முதலாளிக்குப் போயிடும். மீதி பத்து. அஞ்சு பேர். ஆளுக்கு ரெண்டு."

"கணக்குல முதலாளி இல்லைங்க."

"முதலாளி இல்லாம கணவாய் எங்கேருந்து வந்துச்சு?"

அந்தப் பக்கம் சேபோம், "நாலுப்பா! நாலு!" என்று கத்துவது கேட்டது.

"இருங்க" என்றார் டீச்சர். போனைக் கையில் பிடித்தபடியே சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குப் போய், அங்கே எழுதி வைத்திருந்த திங்கட்கிழமைப் பாடத்தில் ஒரு படகு முதலாளியைச் சேர்த்தார்.