மட்டன் என்று நான் சொன்ன குழம்பு

மூன்று வருடத்துக்கு முன்னால், பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. கள்ளக்குறிச்சியில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடி வீட்டில் நடந்தது இது. நான் கல்வராயன் மலையில், கரியாலூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். தினமும் மலை பஸ்ஸில் ஏறி இறங்கும் வேலை. பிள்ளைகளை அதட்டி அதட்டிக் குரலும் பெரிசு, வாயும் பெரிசு எனக்கு. அந்த வீட்டில் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். காரணம், மாட்டுக்கறி.

வீடு பார்க்கப் போன அன்றைக்கே வீட்டுக்கார அக்கா கேட்டுவிட்டார். "கறி மீனெல்லாம் ஆக்கிக்கோங்க, நாங்களும் சாப்புடறவங்கதான். அந்தக் கறி மட்டும் வூட்டுக்குள்ள வரக்கூடாது, இன்னா?"

அந்தக் கறி என்றால் எந்தக் கறி என்று யாரும் எங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். "அதெல்லாம் நாங்க தொடறதே இல்லீங்க்கா" என்று நான்தான் சொன்னேன். அதற்கு முன்னால் ஏழெட்டு வீடு ஏறி இறங்கிக் கால் ஓய்ந்து போயிருந்தது. எங்கள் பெரிய மகளுக்கு நடந்து போகும் தூரத்தில் பள்ளிக்கூடம். நல்ல தண்ணீர், நல்ல காற்று. ஒரு பொய்தானே, போகட்டும் என்று நினைத்தேன்.

அந்த ஒரு பொய்யைக் காப்பாற்ற நான் பட்ட பாடு இருக்கிறதே, அதைத் தனியாக எழுதலாம். கறியை எவர்சில்வர் தூக்கில் போட்டு, ஸ்கூல் பைக்குள் நோட்டுகளுக்கு அடியில் வைத்துக் கொண்டு வருவேன். ஜன்னலைச் சாத்துவேன். குக்கரை வைத்தால் ஐந்து விசிலில் அடுப்பை அணைத்துவிடுவேன், ஏனென்றால் ஆட்டுக்கறிக்கு அவ்வளவுதான் கணக்கு. கீழே இருப்பவர் எண்ணிக்கொண்டிருப்பார் என்று பயம். ஒரு மணி நேரம் கழித்து இன்னும் ஐந்து. இப்படி விட்டு விட்டு வேக வைத்தால் கறி எப்படி வரும்? செருப்புத் தோல் மாதிரி வரும். எலும்பை டிபன் பாக்ஸில் போட்டு, பஸ் ஏறும் வழியில் எங்காவது தள்ளிக் கொட்டிவிட்டுப் போவேன். பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்லும் டீச்சர், எலும்புத் திருடி மாதிரி அக்கம் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

என் நாத்தனார் இதற்கெல்லாம் நேர் எதிர். என்னைவிட ஐந்து வயது சின்னவள். சின்னசேலத்தில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டு வாசற்கதவு சாத்தியே இருக்காது. கறி வேகும் வாசனை தெருமுனை வரை வரும். கடைக்குத் துணி கொடுக்க வந்தவர்கள்கூட உட்கார்ந்து சாப்பிட்டுப் போவார்கள். அவள் கைப்பக்குவம் அப்படி. கறியை நாருக்குக் குறுக்கே சின்னச் சின்னதாக வெட்டுவாள். மஞ்சளும் இஞ்சி பூண்டும் பிசறி, ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் அது விடும் தண்ணீரிலேயே முதலில் வேக விடுவாள். தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிப் போட்டு, மிளகு தூக்கலாக ஒரு வறுவல் செய்வாள். அது வாயில் இருக்கும்போது யாரும் பேச மாட்டார்கள்.

அவளிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. பந்தியில் யார் உட்கார்ந்தாலும், பரிமாறுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் கைகாட்டிச் சொல்லிவிடுவாள். இது மாட்டுக்கறி, இது கோழி, இது பருப்பு. எது வேண்டுமோ சொல்லுங்கள் என்பாள். எத்தனை தடவை வந்தவராக இருந்தாலும் சொல்லுவாள்.

என் டிபன் பாக்ஸில் ஒரு நாள் அவள் செய்த வறுவல் இருந்தது. கூட வேலை பார்க்கும் டீச்சர்கள் இரண்டு பேர், மாட்டுக்கறி என்று தெரிந்தே ருசி பார்த்துவிட்டு விடவே இல்லை. எப்போது வீட்டுக்குக் கூப்பிடுவாய் என்று தினமும் பஸ்ஸில் ஒரே நச்சரிப்பு. மூன்றாவதாக ஒரு டீச்சர், மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். சாமையும் தினையும் விதைக்கிற குடும்பம். அவர் மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னார், "எங்க மலையில அத்த தொட மாட்டாங்க டீச்சர். நீங்கள்லாம் சாப்புடுங்க. நான் பக்கத்துல குந்திக்கினு வேற எதனா சாப்புடறேன்." பெருமை என்னைத் தூக்கிவிட்டது. சரி, வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். நாத்தனாருக்கும் போன் போட்டேன்.

அவள் காலை முதல் பஸ்ஸுக்கே கறியோடு வந்து இறங்கினாள். வந்ததும் முதல் கேள்வி, "யாருக்கு எது ஆவாது அண்ணி?" சொன்னேன். உடனே கோழியை முதலில் எடுத்தாள். தனிக் கத்தி, தனிச் சட்டி, தனிக் கரண்டி. கோழியும் ரசமும் இறக்கி மூடி, சமையலறையின் அந்த மூலையில் வைத்த பிறகுதான் மொச்சை போட்டுக் குழம்பு வைக்க மாட்டுக்கறித் தூக்கைத் திறந்தாள். வரப்போகும் ஒரே ஒரு ஆளுக்காக இவ்வளவா என்றேன். "அவங்க நம்பி குந்துவாங்க இல்ல" என்றாள், வெங்காயத்தை உரித்துக்கொண்டே.

பிறகு ஜன்னலைத் திறந்தாள். நான் ஓடிப்போய்ச் சாத்தினேன். குக்கர் ஐந்து விசில் வந்ததும் அணைக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டாள். "பன்னெண்டு வுடணும். நீ ஆக்கற கறி ஏன் கல்லு மாதிரி இருக்குதுன்னு இப்பதான் தெரியுது." எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளிடம் கெஞ்சினேன். "ஏம்மா, இன்னைக்கு ஒரு நாள் பந்தியில இது இன்னா கறின்னு சத்தம் போட்டு சொல்லாத. யாரு கேட்டாலும் மட்டன்னு சொல்லிடு." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "வர்றவங்களுக்கு தெரியும், அதனால சொல்லல. ஆனா பொய் சொல்ல எனக்கு வராது அண்ணி."

அதற்கு அவசியமே இல்லாமல் நானே சொல்லிவிட்டேன். பத்து மணிக்கு மாடிப்படியில் அக்கா எதிர்ப்பட்டு, "இன்னா கறி, வாசன தூக்குது?" என்றார். "மட்டன்தாங்க்கா, மொச்சக்கொட்ட போட்டு" என்றேன். நாக்கு கொஞ்சமும் தடுக்கவில்லை.

மதியம் டீச்சர்கள் வந்தார்கள். கூடத்தில் பாய் விரித்து உட்கார வைத்தோம். அந்த நேரம் பார்த்து அக்கா மேலே வந்தார். கையில் ஒரு கட்டு வாழை இலை. விருந்தாளி வருகிறார்கள் என்று தெரிந்து, தோட்டத்தில் அறுத்துக் கொண்டு வந்திருந்தார். அப்படிப்பட்ட மனுஷி அவர். என் சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தால் எனக்கு முன்னால் கஷாயத்தோடு நிற்பார். இலையை வாங்கிக்கொண்டு, வாய் வார்த்தையாக, "நீங்களும் சாப்பிடுங்களேன்க்கா" என்றேன். நம் ஊரில் இது ஒரு மரியாதை. கூப்பிடுவோம், இருக்கட்டும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டு வருடமாக அவர் அப்படித்தான் சொல்லியிருந்தார். காப்பி தவிர எங்கள் வீட்டில் வேறு எதுவும் வாங்கிச் சாப்பிட்டதில்லை.

அன்றைக்கு, "வூட்டுல அவரும் இல்ல, ஒருத்தி ஆக்கி இன்னா ஆவப் போவுது" என்று சொல்லிக்கொண்டே மலை டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

நாத்தனார் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். நான் கோழிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் ஓடினேன். "கோழி வைக்கறேங்க்கா."

"கோழி எனக்கு ஒத்துக்காது, சூடு. மட்டன்னு சொன்னியே, அத்த கொஞ்சம் ஊத்து."

டீச்சர்கள் மூன்று பேரும் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். என் வீட்டுக்காரர் தண்ணீர் எடுத்து வரும் சாக்கில் உள்ளே போனவர் வரவே இல்லை. நான் குழம்புச் சட்டியைக் கொண்டுவந்தேன். கரண்டியை விட்டேன். உண்மையைச் சொன்னால் வீடு போகும். பெரியவளின் பள்ளிக்கூடம், மறுபடி தெருத்தெருவாக அலைவது, எல்லாம் கண் முன்னால் வந்தது. சொல்லாமல் ஊற்றினால் யாருக்குத் தெரியப் போகிறது? கரண்டியில் குழம்பும் இரண்டு துண்டுக் கறியும் எடுத்து, இலைக்கு மேலே கொண்டுபோய்விட்டேன்.

"அக்கா, அது மாட்டுக்கறிங்க" என்றாள் நாத்தனார். சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொன்னாள். குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. "நான்தான் ஆக்குனேன். நீங்க சாப்புட மாட்டீங்க இல்ல, உங்களுக்கு வேணாம்."

அக்கா இலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். கரண்டியைச் சட்டியில் போடக்கூட எனக்குத் தோன்றவில்லை. அப்போது மலை டீச்சர்தான் பேசினார். "எனக்கும் அது ஆவாதுங்கம்மா. எனக்குன்னு தனியா ஆக்கி வச்சிருக்காங்க. ரசம் நல்லாக்குது, ஊத்திக்கோங்க."

அக்கா எழுந்து போய்விடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் நாத்தனாரிடம், "ரசம் ஊத்தும்மா" என்றார். மற்றவர்கள் மாட்டுக்கறி சாப்பிட்டுக்கொண்டிருந்த அதே பந்தியில், ரசம் சோற்றைக் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். விருந்தாளிகள் எழுந்த பிறகுதான் எழுந்தார். நேராகக் கீழே இறங்கிப் போனார்.

டீச்சர்கள் போனதும் நாத்தனார் மேல் பாய்ந்தேன். "ஒனக்கு இன்னா, பஸ் ஏறி சின்னசேலம் போயிடுவ. பொட்டி படுக்கய தூக்கிக்கினு தெருவுல நிக்கப் போறது நாங்க." இன்னும் என்னென்னவோ சொன்னேன், இங்கே எழுத முடியாது. அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஓய்ந்த பிறகு சொன்னாள். "அவங்க வூடு குடுத்தது ஒனக்குப் பெரிசாத் தெரியுது அண்ணி. அவங்க நம்ம கையால சாப்புட குந்துனாங்க. அது பெரிசாத் தெரியலயா?"

எனக்குச் சட்டென்று அழுகை வந்துவிட்டது. எங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத வீட்டு வாசல்களில் நின்று வளர்ந்தவள் நான். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒருவர் தானாக வந்து என் பாயில் உட்கார்ந்திருக்கிறார். அவர் இலையில்தான் நான் பொய்யை ஊற்றப் போனேன்.

மறுநாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அக்கா குழாயடியில் நின்றிருந்தார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார். "நீங்க இன்னா சாப்புட்டாலும் அது உங்க வயிறு. ஒண்ணு மட்டும் கேக்கறேன். அந்தப் பொண்ணு வாயத் தொறக்கலன்னா நீ ஊத்தியிருப்பியா?"

நான் பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினேன்.

"பசங்க பரீட்ச முடியட்டும். அதுக்கப்புறம் வேற வூடு பாத்துக்கோங்க" என்றார். குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பொய்க்காகச் சொன்னாரா, கறிக்காகச் சொன்னாரா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் சேர்த்துத்தான் இருக்கும்.

அந்த மூன்று மாதமும் அவர் பிள்ளைகளிடம் முகம் மாறவில்லை. என்னிடம்தான் பேச்சு கம்மியாகிவிட்டது. அடுத்த வீடு தேடப் போனபோது, அறையைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, "நாங்க மாட்டுக்கறி சாப்புடுவோங்க" என்று சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு வீட்டில், வேறு ஆள் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார் என்றார்கள். ஒருவர் கதவையே சாத்தினார். நான்காவது வீட்டில், "அதுக்கு இன்னா இப்ப, தண்ணி மட்டும் பாத்து செலவு பண்ணுங்க" என்றார்கள். சின்ன வீடு, வெயில் ஜாஸ்தி, பள்ளிக்கூடமும் தூரம். ஆனாலும் மாதத்தில் ஒரு ஞாயிறு நாத்தனார் வருகிறாள், டீச்சர்கள் வருகிறார்கள். கறி பஞ்சு மாதிரி வேகிறது. அவள் ஒவ்வொருவர் இலைக்கும் முன்னால் நின்று இது இன்னது என்று சொல்லும்போது, என்னைவிடச் சின்னவளை நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த அக்கா இப்போதும் கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் நின்று பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பார், நானும் பதில் சொல்லுவேன். குழாயடியில் அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னதில்லை. ஊற்றியிருப்பேன் அக்கா என்பதுதான் அந்தப் பதில். அதை எனக்குள் நானே ஒப்புக்கொண்ட பிறகுதான், என் வீட்டில் ஒருவரைச் சாப்பிட உட்காரச் சொல்ல எனக்குத் தைரியம் வந்தது.