றொஷேல் என்றொரு நத்தை

எங்கள் கீரி ஊரில் என் பக்கத்து வீட்டு மதலேனாவுக்குப் பிள்ளை இல்லை என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. ஒரு பெண் பிறந்தாள். மூச்சில்லாமல் பிறந்தாள். ஆஸ்பத்திரித் துண்டில் மதலேனாவின் குழந்தை என்று மட்டும் எழுதினார்கள். ஞானஸ்நானம் பெறாததுக்குப் பெயர் எதற்கு என்று புருஷன் எமிலியானுஸ் ஒரே போடாகப் போட்டுவிட்டான். அவள் மனதுக்குள் வைத்திருந்த பெயர் றொஷேல். இருபது வருடமாக அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. கார்த்திகையில் சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவில், இறந்தவர்களின் பெயர்களை வாசித்து மன்றாடும்போது எல்லா வீட்டுப் பெயர்களும் வரும், அது மட்டும் வராது.

அவளுடைய முன்னறையில் மாரிக்கு மாரி வந்து தங்குபவள் நிறஞ்சலா, பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிப்பிப்பவள். திருக்கேதீஸ்வரத்துக்கு அப்பால் ஒரு சின்னக் குளத்தில் நத்தை பொறுக்குவாள். சேறு போகக் கழுவிக் கொடுப்பது மதலேனா. கடற்கரை முழுக்கச் சிப்பியும் சங்கும் கிடக்கிற ஊரில், குளத்து நத்தைக்கு ஒருத்தி இப்படி அலைவதைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். கடைசியில் அது இதுவரை யாரும் பெயர் வைக்காத இனம் என்று முடிவானது. உங்கள் பெயரை வைக்கட்டுமா என்று நிறஞ்சலா கேட்டாள். மதலேனா தன் பெயர் வேண்டாமென்று மகளின் பெயரைச் சொன்னாள்.

லத்தீன் வால் ஒட்டிக்கொண்டு அது அச்சில் வந்தது. ஒரு நத்தைக்கே பெயர் வைக்கலாமென்றால் என் பிள்ளைக்கு ஏன் கூடாது என்று அவளுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. அந்தக் கார்த்திகையில் கோயிலில் பெயர் கொடுத்தாள். சுவாமியார் றொஷேல் என்று வாசித்தபோது எமிலியானுஸ் குனிந்து நின்று அழுதான்.

அடுத்த மாரிக்கு நிறஞ்சலா பொறுக்க வரவில்லை, செய்தி சொல்ல வந்தாள். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னர் இந்தியாவிலிருந்து கொண்டுபோன ஒரு நத்தையும் இதுவும் ஒரே இனமாம். எவனோ ஒரு வெள்ளைக்காரன், குளத்தைக் கண்ணாலும் காணாதவன், காய்ந்த ஓட்டை மேசையில் வைத்துக்கொண்டு அதற்குப் பெயர் வைத்திருக்கிறான். முதலில் வைத்த பெயரே நிற்கும் என்பது இவர்களுடைய சட்டம். முந்திக்கொண்டவனுக்கே எல்லாமும். இதில் மட்டும் வேறு மாதிரியா இருக்கப்போகிறது?

"அப்ப என்ர பிள்ளையின்ர பேரை அழிச்சுப்போட்டினமோ?" என்று மதலேனா கேட்டாள்.

"அழிக்கேலாது அன்ரி. பழைய பேருக்குக் கீழ, பிழையா வச்ச பேர் எண்டு எப்பவும் எழுதிக் கிடக்கும்."

ஆறுதல் சொல்வதாகத்தான் அந்தப் படித்த பிள்ளை நினைத்தது.

கதை ஊருக்குள் போனது. செல்லாத பெயரைக் கோயிலில் வாசிப்பித்தவள் என்று வாய் கூசாமல் சிரித்தார்கள். எமிலியானுஸ் இந்த வருடம் பெயர் கொடுக்கவேண்டாம் என்றுவிட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நத்தைக்குத்தான் பெயர் பிழையாய்ப் போனது, உன் பிள்ளைக்கு இல்லை, போய்க் கொடு என்று அவளோடு சண்டை பிடித்தேன். அவள் அசையவில்லை.

"அவள் பேரில்லாமலே கிடந்திருக்கலாம்," என்றாள். "அப்ப ஒருத்தரும் அவளைப் பிழை எண்டு சொல்லேல."