தாழம்புதரில் படுத்திருந்தவன்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம் முழுக்க நான் கையில் துப்பாக்கியோடு ஒரு தாழம்புதருக்குள் படுத்திருந்தேன். படுத்திருந்தது நானல்ல, பழைய வலையிலிருந்து கழற்றிய ஒரு மிதவை. அந்த மிதவைதான் நான் என்று எங்கள் நான்கு பேருக்குள் பேச்சு. ஒரு மிதவைக்காக மனிதர்கள் அவ்வளவு சண்டை போட்டுக்கொள்வார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் மணல்திட்டில் இருந்தது. ஐப்பசி பிறந்து காற்று மாறிவிட்டால் படகுகள் கரையேறிவிடும். அதன் பிறகு ஆம்பிளைகளுக்குச் சீட்டாட்டம், தூக்கம், பெண்டாட்டியிடம் வசவு வாங்குவது என்று மூன்றே வேலைகள். அந்த வருஷம் அக்காவின் புருஷன் கப்பலிலிருந்து விடுப்பில் வந்திருந்தார். சரக்குக் கப்பலின் அடுக்களையில் அவருக்கு வேலை. உடன் வேலை செய்த ஒரு வெளிநாட்டுச் சமையல்காரனிடம் அவர் கற்று வந்த விளையாட்டு அது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு மனிதனாக இருப்பார்கள். 'நான் சுவரேறிக் குதிக்கிறேன்' என்று ஒருவன் சொன்னால், குதித்தானா காலை உடைத்துக்கொண்டானா என்பதைச் சோழி உருட்டிப் பார்ப்பார்கள். அந்தக் கப்பலில் அதற்கென்று புத்தகமும் பல முகமுள்ள பகடைகளும் இருந்தனவாம். எங்களுக்குச் சோழியும் மச்சானின் வாயும் போதுமாக இருந்தன.

வலைக்கொட்டகையின் மணல்தரையில் மச்சான் ஏரியை வரைவார். நடுவில் ஒரு தீவு, அதில் இடிந்த கோட்டை, கோட்டையைப் பிடிக்கப் படகில் வரும் கொள்ளைக்கூட்டம். கொள்ளைக்காரர்கள் எல்லோரும் மச்சான். கோட்டையைக் காப்பது நாங்கள் மூவர். ஒருவர் பழவேற்காடு டவுனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த பாய். மழையென்றும் பார்க்காமல் படகேறி விளையாட வருவார். இன்னொருவன் எங்கள் குப்பத்துப் பையன், என்னைவிட நாலைந்து வயது சின்னவன். மூன்றாவது ஆள் நான்.

அந்தப் பையனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவனுடைய அண்ணன் என் படகுக் கூட்டாளி. முந்தின வருஷம் முகத்துவாரத்தில், ஏரி கடலோடு சேரும் இடத்தில், எங்கள் படகு கவிழ்ந்தது. இரண்டு பேர் போனோம். நான் மட்டும் திரும்பினேன். ஊர்க்கூட்டத்திலும் அவர்கள் வீட்டிலும் கேட்டபோது, "அலை அடிச்சிட்டுது" என்று சொன்னேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. யாரும் வற்புறுத்தவும் இல்லை. அதிலிருந்து நான் தண்ணீரில் இறங்கவில்லை. கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் வலையைத் தைத்துக் கொடுத்தேன். ஊர் என்னை மிகவும் நல்லவிதமாக நடத்தியது. நோயாளியை நடத்துவது போல. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

ஆகவே, உனக்கு எந்த ஆள் வேண்டும் என்று மச்சான் கேட்டபோது நான் யோசிக்கவில்லை. மறைந்திருந்து சுடுகிறவன் என்றேன். எழுபதுகளில் மெட்ராஸிலிருந்து வாத்து சுட வருகிறவர்களுக்குக் கழி ஊன்றிப் படகு தள்ளியிருக்கிறேன். வேட்டைக்காரன் மூச்சுக்கூட விடாமல் எப்படிக் கிடப்பான் என்று எனக்குத் தெரியும். கோட்டைக்கு வெளியே தாழம்புதருக்குள் என் மிதவையைப் படுக்கப் போட்டேன்.

தப்பு நடந்தது அடுத்த படியில்தான். அது எங்கள் ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு.

எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று சீட்டு எடுத்து முடிவு செய்வார்கள். நல்ல இடமோ கெட்ட இடமோ, சீட்டில் வந்ததுதான். பலசாலியும் நோஞ்சானும் அங்கே ஒன்று. தண்ணீரில் இறங்காதவன் பெயரில் மட்டும் சீட்டு எழுதமாட்டார்கள். யார் முதலில் அடிப்பது, எதிரியின் குண்டு யார் மேல் பாய்வது என்பதற்கெல்லாம் ஓர் ஒழுங்கு வேண்டும் என்று மச்சான் சொன்னதும், எங்களுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. பாடு எடுக்கும் சீட்டு மாதிரியே ஓலைத்துண்டுகளில் குறி போட்டு ஒரு டப்பாவில் போட்டோம். களத்தில் கண்ணுக்குத் தெரிகிறவனுக்கு மட்டும் சீட்டு. புதரில் கிடக்கிறவனுக்கு ஏது? யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை. எங்களுக்குத் தெரிந்த நியாயம் அதுதான்.

விளைவு என்ன? எனக்கு முறை என்று ஒன்று இல்லாததால் நினைத்தபோதெல்லாம் சுட்டேன். எனக்குச் சீட்டு இல்லாததால் எதிரியின் எந்தக் குண்டும் என்னைத் தேடி வரவில்லை. அத்தனையும் மற்ற இருவர் தலையில் விழுந்தன. இந்த விளையாட்டில் இன்னொரு வழக்கமும் இருந்தது. செத்தவன் தான் எப்படிச் செத்தான் என்பதைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் புது மிதவை கிடைக்கும். பாய் ஒருமுறை கோட்டை மதிலிலிருந்து விழுந்து, விழுகிற வழியில் எதிரித் தலைவனின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்துவிட்டுச் செத்தார். அக்கா அடுப்படியிலிருந்து ஓடிவந்துவிட்டாள், நிஜமாகவே ஏதோ கைகலப்பு என்று. பையனும் இரண்டு மூன்று தடவை செத்தான். நான் ஒருமுறைகூடச் சாகவில்லை.

"எங்க ஊர்ல இதுக்கு வேற பேரு சொல்வோம்," என்றார் பாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மச்சானுக்கு உறுத்தியது. மைத்துனனுக்குச் சலுகை காட்டுகிறார் என்று பெயர் வந்துவிடுமே என்று, மறுநாள் தலைகீழாக மாறினார். நான் குறிபார்த்தால் துப்பாக்கி மருந்து மழையில் நனைந்துவிட்டது என்றார். இன்னொரு முறை புதருக்குள் கட்டுவிரியன் வந்தது. ஒரு தும்மல் வந்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறியது.

"இன்னா மச்சான், வேணும்னே பண்றியா? ஊர்ல கீற பாம்பெல்லாம் என் பொதர்லதான் கீதா?"

"நான் இன்னாடா பண்றது? வுட்டா நீ சாவமாட்ட, புட்ச்சா அழுவற."

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஒளிந்திருப்பவனை ஒளிந்திருக்கவே விட்டால் கூட இருப்பவனுக்கு அநியாயம். ஒளிய விடாமல் சாக்குச் சொல்லிக் கெடுத்தால் ஒளிந்திருப்பவனுக்கு அநியாயம். இரண்டுக்கும் நடுவே வழி அவருக்குப் புலப்படவில்லை.

பையனின் மிதவை மறுபடியும் செத்த அன்று, அவன் அதை எடுத்துக் கொட்டகைச் சுவரில் விட்டெறிந்தான்.

"அடி வாங்கறது எல்லாம் நாங்க. இவரு மட்டும் எப்பவும் பொழச்சிக்கினே இருப்பாரா?"

அவன் விளையாட்டைப் பற்றித்தான் சொன்னான். ஆனால் என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்கே உறைத்தது. முகம் கறுத்துவிட்டது. எனக்கோ, ஒரு வருஷமாக ஊர் என்னிடம் சொல்லாமல் பத்திரமாக வைத்திருந்ததை ஒருவன் சொல்லிவிட்டான் என்று வலித்தது. கூடவே, சொன்னால் சிரிப்பீர்கள், ஓர் ஆறுதலும் வந்தது. இவன் ஒருவன்தான் என்னை நோயாளியாக நடத்தவில்லை.

எழுந்து போக இருந்தவனை மச்சான் உட்கார வைத்தார். "இன்னா பண்ணா உனுக்கு நியாயமா படும்? நீயே சொல்லு."

அவன் என்னைப் பார்க்காமல் மணலைப் பார்த்துச் சொன்னான். "பொதர்லயே கெடக்கட்டும். மொத குண்டு யாருக்கும் தெரியாமத்தான் வரும், அது ஞாயம். ஆனா சுட்டா பறவ எழும்பாதா? ஏரில துப்பாக்கி வெடிச்சா நாரையெல்லாம் எழும்பும்ல? எந்தப் பக்கம் எழும்புதுன்னு பாத்தா ஆளு எங்க கீறான்னு தெரிஞ்சிப்பூடும். தெரிஞ்சிட்டா அவரு பேர்லயும் சீட்டு போடணும்."

வேட்டைக்காரர்களுக்குப் படகு தள்ளிய எனக்குத் தெரியாத விஷயமா இது? ஒரு குண்டு வெடித்ததும் ஏரியே எழுந்து பறக்கும். அதற்குப் பிறகு அந்த இடத்தில் கிடப்பதில் பயனில்லை, படகை வேறு பக்கம் தள்ள வேண்டும். இத்தனை நாளும் அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"சரிதான். போடு என் சீட்ட," என்றேன்.

ஆட்டம் தொடர்ந்தது. கொள்ளைக்காரர்களின் படகு கரையை நெருங்கியது. நான் சுட்டேன், படகை ஓட்டியவன் விழுந்தான். "தாழம்புதருக்கு மேல் நாரைகள் எழும்புகின்றன," என்றார் மச்சான், கதை சொல்லும் குரலில். என் குறி போட்ட ஓலைத்துண்டு முதன்முறையாக டப்பாவுக்குள் போனது. பாய் கையை விட்டு எடுத்தார். என் துண்டுதான் வந்தது.

எதிரியின் குண்டுக்குச் சோழி உருட்ட வேண்டியவர் மச்சான். அவர் சோழிகளைப் பையனிடம் நீட்டினார். "மச்சினனாச்சேன்னு வுட்டுட்டான்னு நாளைக்கி பேச்சு வரக்கூடாது. நீயே போடு."

அவன் தயங்கினான். பிறகு போட்டான். நாலும் வாய் பிளந்து விழுந்தன. அதற்கு மேல் அடி கிடையாது.

"செத்தான்," என்றார் மச்சான். என்னைப் பார்த்து, பழக்கத்தில், "சொல்லு, எப்பிடிச் செத்த?" என்றார்.

புதருக்குள் ஒருவன் குண்டடி பட்டுச் சாவதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தாழைமுள், ரத்தம், மணல் என்று நாலு வார்த்தை சொன்னதாக ஞாபகம். அதன் பிறகு என் வார்த்தைகளில் தண்ணீர் வந்தது. முகத்துவாரத்து நீரோட்டம் வந்தது. படகைக் கண்ணுக்கெட்டாமல் இழுத்துக்கொண்டு போன ஓட்டம். என் பேச்சை என்னால் நிறுத்த முடியவில்லை.

"வலை அவன் கால சுத்திக்கிச்சி. முழுவி முழுவி இழுத்துப் பாத்தேன், அவுழல. என் தோள்மேல ஒரு கைய வெச்சிக்கினு இருந்தான். அவன் கனத்துல நான் உள்ள போறேன், மேல வறேன், திரும்ப உள்ள போறேன். அவன் பாத்தான். நான் தண்ணி குடிக்கறதப் பாத்தான். அப்புறம் கைய எடுத்துட்டான். நான் தள்ளல. அவனேதான் எடுத்தான். நான் புடிக்கறதுக்குள்ள ஆளு இல்ல."

பாய் தலை குனிந்துகொண்டார்.

"எங்கண்ணனேவா கைய எடுத்தான்?" என்றான் பையன்.

"அவனேதான்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நம்புவீங்களா? பொழச்சி வந்தவன் வேற இன்னா சொல்வான்னு நெனைக்கமாட்டீங்க?"

அழுகிறானா என்று பார்த்தேன், அழவில்லை. எழுந்து வந்து என் கையைப் பிடித்துத் தூக்கினான்.

"எங்க அம்மாவாண்ட வந்து சொல்லுணா."

மழையிலேயே போனோம். அவன் அம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இம்முறை கதைக்குள் ஒளிந்துகொண்டு சொல்லவில்லை. அவள் ஒப்பாரி வைக்கவில்லை. விறகை உள்ளே தள்ளிவிட்டு எழுந்து எனக்கு எதிரே வந்து நின்றாள்.

"எந்தத் தோளுடா?" என்றாள்.

இடது தோளைக் காட்டினேன். நனைந்த சட்டைமேல் அந்த இடத்தில் கையை வைத்தாள். உலை பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் கையை எடுக்கவே இல்லை.