ஆலங்குடாக் கடையில் ஒரு மெயின் சுவிட்ச்

கற்பிட்டிக்குப் பக்கத்திலுள்ள ஆலங்குடாவுக்கு எல்லோரும் கடலுக்காகவும் காற்றுக்காகவும் போவார்கள். நான் போனது ஒரு பிழையைத் தேடி. கணினிப் பிழை. மூன்று மாதமாக என் உயிரை வாங்கிய பிழை. பெப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து கிளம்பி ஞாயிறு பின்னேரம் வீடு வந்து சேர்ந்தேன். இடையில் டொல்பினும் பார்த்தேன், வயிறு முட்ட இறாலும் சாப்பிட்டேன். அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்காக நேரம், செலவு, தூரம் எல்லாம் எழுதியிருக்கிறேன். கணினி விஷயம் வேண்டாம் என்பவர்கள் அதைத் தாண்டிப் போகலாம். ஆனால் சுவை அதில்தான் இருக்கிறது, பிறகு என்னைக் குறை சொல்லாதீர்கள்.

முதலில் என் வேலை. கிரிப்டோ நாணயம் ஒன்றின் நோட் மென்பொருளைப் பராமரிக்கும் மூன்று பேரில் நான் ஒருத்தி. மற்ற இருவரும் வெளிநாட்டில். நாணயத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வாங்கலாமா, விலை ஏறுமா என்று கேட்பீர்கள், எனக்குத் தெரியாது. நோட் என்பது அந்த நாணயத்தின் முழுப் பதிவேட்டையும் கணினியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பரிமாற்றமும் சரியா என்று யாரையும் நம்பாமல் தானே பார்க்கும் நிரல். அதன் மூல நிரல் திறந்தே கிடக்கிறது. யாரும் வாசிக்கலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம். சம்பளம் கிடையாது, ஏச்சு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

அப்படித் திருத்தம் அனுப்பி அனுப்பியே எங்களோடு ஒட்டிக்கொண்டவள் ரிஸ்னா. புத்தளம் தில்லையடிக்காரி. வாப்பாவும் உம்மாவும் தொண்ணூறில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து வந்தவர்கள்; அவள் பிறந்தது, படித்தது, இப்போது வீட்டிலிருந்தபடியே கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வேலை செய்வது எல்லாம் தில்லையடியில். முழுப் பதிவேட்டையும் வைக்கப் பெரிய கணினி வேண்டும். அது இல்லாதவர்களும் நோட் ஓட்டட்டும் என்று, சரிபார்த்து முடித்த பழைய பக்கங்களை அழித்துக்கொண்டே போகும் 'சிறுகணினி முறை' ஒன்றை அவள் எழுதினாள். இரண்டு வருடம், அத்தனையும் ஓய்வு நேரத்தில். நாங்கள் ஒருவரையொருவர் நேரில் கண்டதே இல்லை.

அந்த முறைதான் மூன்று மாதமாக உடைந்துகொண்டிருந்தது. அதுவும் ஒரேயொரு இடத்தில்: ஆலங்குடாவில் அவளுடைய நானாவின் (அண்ணனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்) கடையில் சோதனைக்கென்று வைத்த சின்னக் கணினியில். வாரத்துக்கு ஒருதரமாவது பதிவேடு பழுதாகிவிடும், மறுபடி முதலிலிருந்து பதிவிறக்க வேண்டும். என் கணினியில் தலைகீழாக நின்றும் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவள் அனுப்பும் நிரலின் ஓட்டக் குறிப்புகளில் 'ஒழுங்காக நிறுத்தப்பட்டது' என்ற கடைசி வரி மட்டும் இருக்காது. நிற்கும் நேரத்தில் நிரல் விழுந்துவிடுகிறது என்று முடிவுகட்டி, அந்தப் பகுதியைப் பிய்த்துப் போட்டுப் பார்த்தோம். கரண்ட் போகிறதா என்று மூன்று தரம் கேட்டேன். நானாவிடம் கேட்டுவிட்டு, இல்லை என்று மூன்று தரமும் எழுதினாள்.

என்னோடு பராமரிக்கும் மற்ற இருவரும் பொறுமை இழந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் அடுத்த வெளியீட்டில் அந்த முறையையே நீக்கிவிடுவோம் என்றார்கள். நானும் தலையாட்டினேன். தலையாட்டியது மட்டுமா, நீக்குவதற்கான நிரல் வரைவை எழுதியதும் நான்தான். ஒரு பிள்ளையின் இரண்டு வருட உழைப்பைத் தூக்கி எறியப் போகிறோம் என்பதை மின்னஞ்சலில் சொல்ல வெட்கமாக இருந்தது. நேரில் சொல்லுவோம், முடிந்தால் பிழையையும் ஒருதரம் கண்ணால் பார்ப்போம் என்றுதான் பஸ் ஏறினேன்.

புறக்கோட்டையில் காலை 4.50க்குப் புத்தளம் பஸ். சாதாரண பஸ்தான், 540 ரூபா. நீர்கொழும்பு வரை தூங்கினேன், சிலாபத்தில் பால் விடாத பிளேன்ரி குடித்தேன், 8.40க்குப் பாலாவிச் சந்தியில் இறங்கினேன். ஏறத்தாழ 125 கிலோமீற்றர். புத்தளம் நகரம் வரை போகத் தேவையில்லை. கற்பிட்டிப் பாதை பாலாவியிலேயே பிரிகிறது. அங்கே ரிஸ்னா நின்றாள். எழுத்தில் சரியான கறார் பேர்வழி. நேரில் என் தோளுக்குத்தான் வருவாள், சிரித்தால் சந்தி முழுக்கக் கேட்கும். கட்டிப்பிடித்துக்கொண்டாள். சொல்ல வந்ததைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

9.05க்குக் கற்பிட்டி பஸ், ஆளுக்கு 130 ரூபா. இடப்பக்கம் உட்கார்ந்தால் நல்லது என்றாள். உப்பளம், காற்றாலைகள், வெங்காயத் தோட்டம், பிறகு நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி. நாட்டுக்கே கரண்ட் அனுப்புகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவளிடம் கரண்ட் போகிறதா என்று கேட்டீர்களே என்று கிண்டலடித்தாள். ஆலங்குடாவுக்குத் திரும்பும் இடத்தில் இறங்கி ஓட்டோ பிடித்தோம், 500 ரூபா. ஓட்டோக்காரருக்கு ரிஸ்னாவைத் தெரியும். கடையில் இருக்கிற பெட்டி இன்னும் காசு அடிக்கத் தொடங்கவில்லையா என்று விசாரித்தார். கரண்ட் பில் மட்டும்தான் அடிக்கிறது என்றாள் அவள்.

நசீர் நானாவின் கடை படகு என்ஜின் திருத்தும் கடை. ரிஸ்னாவுக்கு மூத்தவர், வாய் நிறையக் கதை. சுவரோரம் கழற்றிப் போட்ட என்ஜின்கள், பெற்றோல் மணம், அலுமாரிக்கு மேலே ஒரு சாப்பாட்டுப் பெட்டிக்குள் நமது நோயாளி, பச்சை விளக்கோடு. இதை ஏன் இவ்வளவு தூரத்தில் வைத்தாய், உன் வீட்டிலேயே வைத்திருக்கலாமே என்று கேட்டேன். “என்ட வீட்டில வெச்சா நான் கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்கொள்ளுவன் அக்கா. அது சோதனையா?” என்றாள். சரிதான்.

பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு கதிரையில் உட்கார்ந்து அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிசகில்லாமல் ஓடியது. எனக்கு எரிச்சல் வந்தது. கிட்டத்தட்ட நூற்றைம்பது கிலோமீற்றர் தாண்டி வந்து பார்க்கும்போது ஒழுங்காக ஓடுகிற கணினியைப் போல ஒரு துரோகி கிடையாது.

12.05 ஆயிற்று. நசீர் நானா கையிலிருந்த கிறீஸைக் கழுவினார், தொப்பியைப் போட்டார். ஜும்மாத் தொழுகைக்குப் போய்வருகிறேன், நீங்கள் எத்தாளையில் இருக்கிற என் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள் என்றார். சொல்லிக்கொண்டே கதவுக்குப் பின்னால் கையை விட்டார். டக். மின்விசிறி நின்றது. அலுமாரிக்கு மேலே பச்சை விளக்கும் செத்தது.

நான் எழும்பிவிட்டேன். என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

“மெயின ஓஃப் பண்ணினன், மிஸ். கடைய விட்டுப் போகக்குள்ள எப்பவும் செய்றதுதானே.”

உப்புக் காற்று வயரைத் தின்றுவிடும். முன்பு பக்கத்துக் கடை ஒன்று அப்படித்தான் எரிந்ததாம். அன்றிலிருந்து இந்த வரிசையில் எல்லோரும் வெளியே கால் வைக்க முன் மெயினை இறக்கிவிடுவார்கள். ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று கேட்டேன். லுஹர் தொழுகைக்கு, அஸருக்கு, மஃரிபுக்கு, பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனால் அதற்கும் என்று விரல் விட்டு எண்ணினார். ரிஸ்னா ஒரு எண்ணெய்த் தகரத்தின் மேல் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டாள். போகும்போது பெட்டியிலுள்ள பட்டனை அமர்த்தச் சொல்லியிருந்தேனே என்றாள். மெயினை இறக்கினால் அதுவும் நிற்கும்தானே என்று அவர் கேட்டார்.

“கரண்ட் போகுதாண்டு உங்ககிட்ட எத்தன தரம் கேட்டன், நானா?”

“கரண்ட் ஒரு நாளும் போகல்லயே. நாந்தானே நிப்பாட்டுறன்.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். நாங்கள் கணினியை எப்போதும் கட்டளை கொடுத்து நிறுத்துகிறவர்கள். ஒரு மனுசன் கதவைப் பூட்டுகிற மாதிரிக் கணினியையும் பூட்டுவார் என்று மூன்று நாட்டு மூளைகளுக்கும் தோன்றவில்லை.

எத்தாளையில் இறால் கறியும் கணவாய்ப் பொரியலும். நானாவின் மனைவி என் பீங்கானை வெறுமையாக விடவே இல்லை. ஜும்மா முடிந்து வந்த நசீர் நானாவுக்கு விஷயம் விளங்கியதும் முகம் சுருங்கிவிட்டது. தங்கச்சியின் வேலையைக் கெடுத்தது நான்தானா, இனி மெயினைத் தொட மாட்டேன் என்றார். நானும் என் பங்குக்கு, மின்கலம் வைத்த பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தால் சரி என்றேன். ரிஸ்னாவுக்கு வந்ததே கோபம்.

“நீங்க மாத்தப் போறது நானாவயா, புரோகிராமயா? இந்தக் கரையில கடை வெச்சிருக்கிற எல்லாரும் இப்பிடித்தான் பூட்டுவாங்க. அவங்களுக்காகத்தான் நான் எழுதினன்.”

மின்கலத்தை மறந்துவிட்டுக் கடைக்குத் திரும்பினோம். கணினியை ஓடவிட்டு, மெயினை இறக்கி இறக்கி ஏற்றச் சொன்னோம். நான்காவது தரத்தில் பதிவேடு உடைந்தது. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. நான்கு மணிக்குள் காரணமும் கிடைத்தது. பதிவேட்டின் எந்தப் பக்கம் இருக்கிறது, எது போய்விட்டது என்ற அட்டவணையைக் கணினியின் வட்டில் எழுதி முடிக்க முன்னரே, நிரல் பழைய பக்கங்களை அழித்துவிடுகிறது. அந்த இடைவெளியில் மெயின் இறங்கினால், அட்டவணை சொல்லும் பக்கம் அங்கே இருக்காது. முதலில் எழுது, பிறகு அழி. அவ்வளவுதான் மருந்து.

இந்த வரிசையை இப்படி யார் எழுதியது என்று பழைய வரலாற்றைப் புரட்டினேன். ரிஸ்னா முதலில் சரியாகத்தான் எழுதியிருந்தாள். அதற்குக் கீழே ஒருவர் பரிசீலனைக் குறிப்புப் போட்டிருந்தார்: 'அழிப்பதை முன்னுக்குக் கொண்டு வரவும், வேகமாக இருக்கும்.' அந்த மேதை நான்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. ரிஸ்னா எனக்கு இன்னொரு பிளேன்ரி ஊற்றித் தந்தாள்.

ஏழு வரிகளை இடம் மாற்றினோம். புதிதாகப் பதிவேட்டைப் பதிவிறக்க விடியும்வரை ஆகும். அன்று ஓர் இரவு மட்டும் மெயினை இறக்காமல் விட நசீர் நானா சம்மதித்தார். அவருக்குத்தான் நித்திரை வரவில்லையாம். நாங்கள் சனிக்கிழமை காலை 6.30க்குப் படகேறினோம். ஆறு பேர் போகும் படகு, முழுப் படகுக்கும் 16,000 ரூபா, எங்களோடு நான்கு சுற்றுலாக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஒரு மணி நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு கடல் முழுக்க டொல்பின். குதிக்கும், சுழலும், படகோடு போட்டி போடும். மூன்று மாதத்தில் முதல்தடவையாக ஒரு மணி நேரம் முழுதாகக் கணினியை மறந்திருந்தேன்.

பத்து மணிக்குச் சோதனை. முப்பது தரம் மெயினை இறக்க வேண்டும், ஒருதரமும் உடையக் கூடாது. நசீர் நானா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றார். முதல் ஐந்து தரமும் நாங்கள் மூவரும் மட்டும் எண்ணினோம். என்ஜின் எடுக்க வந்த இரண்டு மீனவர்கள் என்னவென்று கேட்டார்கள். பத்தாவதில் அவர்களும் சேர்ந்து எண்ணினார்கள். இருபதுக்குப் பிறகு நானா நேரத்தை மாற்றி மாற்றி, ஏமாற்றுகிற மாதிரி இறக்கினார். முப்பதும் தாண்டியது. பச்சை விளக்கு எரிந்தது, பதிவேடு சுகமாக இருந்தது. ரிஸ்னா என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினாள். இன்னும் இரண்டு தரம் போட்டுப் பார்ப்போமா என்று நானா கேட்டார், போட்டோம். பகலுக்குள் காரணத்தையும், பிழை யாருடையது என்பதையும் பொதுவில் எழுதினேன். பின்னேரம் மற்ற இருவரும் பதில் போட்டார்கள்: சிறுகணினி முறை இருக்கட்டும்.

ஞாயிறு காலை 9.30க்குப் பாலாவியில் கொழும்பு பஸ்ஸுக்கு நின்றோம். பஸ் வருவதற்குள், போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். டொல்பினுக்கு நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை போங்கள், படகுக்குக் காலையிலேயே போங்கள், பத்து மணிக்குப் பிறகு காற்றுத் தூக்கி அடிக்கும். ஆலங்குடாவில் நான் தங்கிய கபானா காலைச் சாப்பாட்டோடு ஓர் இரவுக்கு 8,500; விலை கூடலாம், முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை பகலில் கடைகள் பூட்டியிருக்கும், தண்ணீர்ப் போத்தலைப் பன்னிரண்டுக்கு முன்னமே வாங்குங்கள். கிராமத்துக்குள் உடையைக் கவனியுங்கள். மென்பொருள் எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று: உங்கள் நிரலை ஓட்டுகிற ஒருவரின் பக்கத்தில் அரை நாள் சும்மா உட்கார்ந்திருங்கள். கேள்வி கேட்காதீர்கள், பாருங்கள்.

பஸ் இன்னும் வரவில்லை. இனிச் சொல்லாமல் போனால் நான் மனுசி இல்லை என்று நினைத்து, உன் வேலையை நீக்கப் போகிறோம் என்று சொல்லத்தான் வந்தேன், வரைவும் எழுதியிருந்தேன் என்று ரிஸ்னாவிடம் சொன்னேன்.

“தெரியும் அக்கா. அது பொதுவிலதானே கிடக்கு.”

பதினைந்து வருடமாகத் திறந்த மூல வேலை செய்கிறவள் நான். அந்த வரைவையும் வழக்கம்போல எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஏற்றிவிட்டு, இரகசியம் என்று மனதில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

“புதன்கிழமையே பாத்தன். அண்டைக்குச் சோறு இறங்கல்ல. பொறகு ஒவ்வொரு வரியா வாசிச்சன். ஒரு இடத்தில கூடுதலா அழிச்சிருந்தீங்க. அதில எழுதி வெச்சிருக்கன், நீங்க பாக்கல்லயா?”

பார்க்கவில்லை. வெட்கத்தில் அந்த வரைவின் அறிவிப்புகளை நிறுத்தி வைத்திருந்தேன். பஸ் வந்தது, அவளைக் கட்டிப்பிடித்துவிட்டு ஏறினேன். யன்னலோரம் இடம் பிடித்து, போனில் அந்த வரைவைத் திறந்து பார்த்தேன். அவள் பெயரில் ஒரேயொரு குறிப்பு, புதன் பின்னேரம். ஏச்சு இல்லை, கெஞ்சல் இல்லை. 'இந்த வரியை நீக்க வேண்டாம். இதைப் பெரிய கணினிகளும் பயன்படுத்துகின்றன. நீக்கினால் அவர்களுடைய நோட் நின்றுவிடும்.'

சிலாபம் வர முன்னர் வரைவை ரத்துச் செய்து மூடினேன். பிறகு அந்தக் குறிப்பை மற்ற இருவருக்கும் அனுப்பி, இதுவரை எங்கள் மூவரிடம் மட்டும் இருந்த, நிரலில் திருத்தங்களை இணைக்கும் உரிமையை இன்று முதல் ரிஸ்னாவுக்கும் கொடுப்போம் என்று எழுதினேன். தன்னுடைய வேலையை நாங்கள் அழிக்கும்போதுகூட ஊரான் கணினி நிற்கக் கூடாது என்று பார்க்கிறவளுக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது? மாதம்பை தாண்டும்போது இருவரும் சம்மதித்திருந்தார்கள்.