ஒரு பாடத்துக்கு ஒரு சாரன்

ஆங்கிலம் படிப்பிக்கிற தொழிலில் ஒரு வசதி உண்டு: முன்னால் இருப்பவரைவிட நமக்கு ஒரு பக்கம் கூடுதலாகத் தெரிந்தால் போதும். அந்த ஒரு பக்கத்தை முதல் நாள் படித்து வைத்துவிட்டு, மறுநாள் கரும்பலகையின் முன்னால் வெண்கட்டியோடு நின்று நடுங்கியவர்கள் யாராவது இதை வாசித்தால், அவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

தொடங்கும்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் வரும் நூர்ஜஹானின் தறிக் கதை நான் கண்ணால் கண்டதல்ல. எங்களோடு கணக்கியல் படிப்பித்த பாறூக் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். கேட்டதை நம்பி நாலு பேருக்குச் சொல்லியும் விட்டேன். மற்றவை எல்லாம் என் முன்னால் நடந்தவை.

முதல் சொல்

எண்பதுகளின் தொடக்கம். பொருளியல் பட்டத்தோடு நற்பிட்டிமுனைக்குத் திரும்பி எட்டு மாதமாகியும் எனக்கு வேலை கிடைக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். மற்றவர்கள் எல்லாம் வயலோடு இருந்தவர்கள். ஒருவன் வேலைக்குக் காத்திருப்பதும் எங்கள் வீட்டில் முதல் தடவையாக நடந்தது. அதற்கு என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் கல்முனைக் கடைத்தெருவின் பின்பக்கம் டியூட்டரி நடத்திய லத்தீப் மாஸ்டர் ஆள் அனுப்பினார். பல்கலைக்கழகம் போகாமல் வெளிவாரியாகப் பொருளியல் பட்டம் படிக்கிறவர்களுக்கு ஆங்கிலம் வேண்டுமாம். புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. ஆங்கிலத் தாளில் சித்தியடையாமல் இரண்டாம் பகுதிக்குப் போகவும் முடியாது. சனி, ஞாயிறு காலையில் வகுப்பு.

நான் பொருளியலைத் தமிழில் படித்தவன். ஆங்கிலப் புத்தகங்களை அகராதியோடு உட்கார்ந்து கண்ணால் வாசித்தேனே தவிர, வாயால் நாலு வசனம் சேர்த்துக் கதைத்ததில்லை. அதை மாஸ்டரிடம் மறைக்காமல் சொன்னேன். கூலிக்குரிய வேஜஸ் என்ற சொல்லைக்கூட முதல் நாள்தான் வயல் வரம்பில் நின்று உரத்துச் சொல்லிப் பார்த்தேன் என்றும் சொன்னேன். அவர் பெயர்ப் பட்டியலை என் பக்கம் தள்ளினார். பதினொரு பேர். அதில் ஏழு பேர் என்னைவிட மூத்தவர்கள்.

"தம்பி, ஒங்களுக்கு என்ன தெரியா எண்டு ஒங்களுக்குத் தெரிஞ்சிரிக்கி. அவங்களுக்கு அதுவும் தெரியா. போய்ப் படிப்பிங்க."

தோணியின் பங்கு

நிலத்துக்கு வாரம், உழைப்புக்குக் கூலி, மூலதனத்துக்கு வட்டி, முயற்சிக்கு இலாபம். நாலையும் ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, அவரவர் வீட்டு வருமானம் எந்தச் சொல்லில் சேரும் என்று கேட்டேன். நான் றோணியோவில் படியெடுத்துக் கொடுத்த தாளில் இருந்த உதாரணம் ஒரு தொழிற்சாலை. அங்கே வெள்ளிக்கிழமை பின்னேரம் முதலாளி கூலி கொடுப்பார். தொழிலாளி வரிசையில் நின்று வாங்குவார். அப்படி வரிசையில் நின்ற குடும்பம் எதுவும் எங்கள் வகுப்பில் இல்லை.

தபால் கந்தோரில் வேலை செய்த அலியார் காக்கா எழும்பினார். சாய்ந்தமருதுக்காரர், வயது நாற்பதை நெருங்கும். அவருடைய தம்பிமார் கரைவலை இழுக்கிறவர்கள். பிடித்த மீனை விற்றதும் வலைக்கு ஒரு பங்கு, தோணிக்கு ஒரு பங்கு, மிச்சம் இழுத்தவர்களுக்கு என்று பிரிப்பார்கள் என்றார். அப்படியென்றால் தோணியும் கூலிக்காரனா என்று பின்வரிசை வாங்கிலிருந்து ஒருவர் கேட்க, வகுப்பு சிரித்தது. அலியார் காக்கா சிரிக்கவில்லை. தோணியை விடுங்கள், தம்பிக்குக் கிடைப்பது கூலியா, இலாபமா என்று கேட்டார். நான் அகராதியைப் புரட்டினேன். அதிலும் அந்தத் தொழிலாளி தொழிற்சாலையில்தான் நின்றார். கடைசியில், கூலி என்றே எழுதிக்கொள்ளச் சொன்னேன். எல்லாரும் எழுதினார்கள். அலியார் காக்கா மட்டும் எழுதாமல் பேனையை மூடினார். மூடிவிட்டு என்னிடம் கேட்டார்.

"கூலி எண்டா மீன் படாத நாளும் வரணுமே, சேர். இது அல்லாஹ்விட்ட துஆக் கேட்டு வாறது. அதுக்கு இங்கிலீசில என்ன?"

வட்டி வாங்காத வகுப்பு

அடுத்த வாரம் வாய்ப் பயிற்சி. நான் கூலி பெறுகிறேன், நான் வாரம் பெறுகிறேன், நான் வட்டி பெறுகிறேன் என்று மூன்று ஆங்கில வசனங்கள். நான் சொல்ல, அவர்கள் சேர்ந்து சொல்ல வேண்டும். முதலாவது கூரைத் தகரம் அதிர வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. உச்சரிப்பு கடினமாக்கும் என்று நினைத்து, இன்ட்ரஸ்ட் என்ற சொல்லைத் துண்டு துண்டாக உடைத்துச் சொன்னேன். சிலர் கொப்பியைப் பார்த்தார்கள். ஒருவர் யன்னலைப் பார்த்தார்.

அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. வட்டி வாங்குவது ஹராம் என்று வளர்ந்த பதினொரு பேரை, காலையிலேயே எழுப்பி நிறுத்தி, நான் வட்டி வாங்குகிறேன் என்று உரத்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். அப்படியே வளர்ந்த நானும் அதை அதுவரை மூன்று தரம் சொல்லிவிட்டேன். இரும்புக் கடையில் வேலை செய்த பரீதுதான் எங்கள் எல்லாரையும் காப்பாற்றினார்.

"நான் எண்டு வேணா, சேர். பேங்க் எண்டு போடுங்க. அது என்ன, தொழப் போகுதா?"

அமையச் செலவு

நூர்ஜஹான் மருதமுனையில் கைத்தறியில் சாரன், அதாவது ஆண்கள் உடுத்தும் கைலி, நெய்கிற வீட்டுப் பெண். இருபத்து மூன்று வயது. சுவரோரம் பெண்கள் வாங்கில் இருப்பார்; வகுப்பிலேயே ஆகக் குறைவாகக் கதைக்கிறவர் அவர்தான். ஆங்கிலத் தாளில் முந்திய வருடம் தவறியவர். அவருடைய வாப்பா படிப்பைத் தடுக்கவில்லை, ஆனால் இரண்டு நிபந்தனை வைத்திருந்தார் என்று லத்தீப் மாஸ்டர் சொல்லியிருந்தார். மகளுடைய தறியில் இறங்கும் சாரன் குறையக்கூடாது. இந்தத் தடவையும் தவறினால் படிப்பு அத்தோடு முடிந்தது.

அன்றைக்கு அமையச் செலவு பாடம். ஒன்றைத் தெரிவு செய்யும்போது கைவிடுகிற மற்றதுதான் அதன் செலவு. புத்தகத்தில் துப்பாக்கியும் வெண்ணெயும் உதாரணமாக இருந்தன. எங்கள் பக்கத்தில் வெண்ணெய் யாருக்கும் தேவைப்படவில்லை. துப்பாக்கிக்கு இன்னும் காலம் வந்திருக்கவில்லை. சொந்த உதாரணம் சொல்லுங்கள் என்றேன். வழமையாகக் கை உயர்த்துகிறவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போது நூர்ஜஹான் எழும்பினார். மருதமுனையிலிருந்து வந்து, இருந்து, திரும்பிப் போகிற நேரத்துக்குள் தன்னால் என்ன நெய்ய முடியும் என்பதை ஆங்கிலத்தில் சொல்லப் பார்த்தார். பாதியில் சொல் தட்டுப்பட்டதும் தமிழுக்கு வந்தார். குற்றம் சொல்கிற குரல் இல்லை; கேட்ட கேள்விக்குச் சரியான விடையைச் சொல்கிற குரல்தான்.

"எனக்கு இந்த வகுப்பு ஒரு சாரன், சேர்."

தயாரில்லாத பாடம்

அதற்குப் பிறகு வகுப்பு முடிந்து சைக்கிளில் வரும்போதெல்லாம், இன்றைய பாடம் ஒரு சாரன் பெறுமா என்று கேட்டுக்கொள்வேன். பெரும்பாலும் அரைச் சாரனுக்கு மேல் தேறவில்லை. கல்முனைத் துணிக்கடை வாசல்களில் தொங்கிய சாரன்களைக்கூட நேராகப் பார்க்க முடியாமல் போனது. அவர் தவறினால் வாப்பா நிறுத்திவிடுவார். அதற்கு நானும் ஒரு காரணமாவேன்.

மாசிமாத நெல்வெட்டு வந்தது. சவளக்கடையில் ஒருவருடைய வயலை வெட்டித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்த என் வாப்பாவுக்குக் காய்ச்சல். சொன்ன சொல் தப்பக்கூடாதென்று அவருடைய இடத்துக்கு நான் போனேன். மூன்று நாள். சனிக்கிழமை காலை வகுப்புக்கு வரும்போது இடது பெருவிரலில் அரிவாள் வெட்டு. அதைச் சுற்றி ஒரு சீலைத்துண்டு. கையில் பாடக்குறிப்பு இல்லை. விரலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சமாளித்தேன். பிறகு சுவரோர வாங்கைப் பார்த்ததும் முடியவில்லை. நான் இன்று பாடம் ஆயத்தப்படுத்தவில்லை, மூன்று நாள் கூலிக்கு நெல் வெட்டினேன், நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்று தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

ஒருவரும் எழும்பவில்லை. நூர்ஜஹான்தான் முதலில் கேட்டார், ஆங்கிலத்தில்: உங்கள் முதலாளி யார்? பிறகு அலியார் காக்கா: கூலி காசாகவா, நெல்லாகவா? நெல்லாக என்றேன். பரீது: பகல் சாப்பாடு தந்தார்களா, அதுவும் கூலியில் சேருமா? நெல் விலை இறங்கினால் உங்கள் கூலியும் இறங்குமா என்று இன்னொருவர் கேட்டார். கேள்வியிலும் விடையிலும் பிழைகள் கொட்டின. அரிவாளுக்கு ஆங்கிலம் யாருக்கும் தெரியவில்லை. பரீது அதைக் கரும்பலகையில் வரைந்தார். இரண்டு மணித்தியாலம் போனது தெரியவில்லை. மற்ற நாளெல்லாம் சேர் இங்கிலீசு வாசித்தார், இன்றைக்குத்தான் கதைத்தார் என்று அலியார் காக்கா எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். எல்லாரும் போனபின் நூர்ஜஹான் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது.

"இண்டையப் பாடம் ஒரு சாரனுக்குக் காணும், சேர்."

சொல் ஒட்டிய தறி

பரீட்சைப் பெறுபேறு வந்தது. நூர்ஜஹான் ஆங்கிலத்தில் சித்தியடைந்திருந்தார். அன்று லத்தீப் மாஸ்டர் டியூட்டரி முழுவதற்கும் தேநீர் வாங்கித் தந்தார். நான் என் தேநீரைக் குடிக்க மறந்து வைத்திருந்தேன். பாறூக் அதையும் குடித்தார்.

மருதமுனைக்காரரான பாறூக் கொண்டுவந்த கதை இதுதான். நூர்ஜஹான் ஆங்கிலச் சொற்களைத் துண்டுக் கடதாசியில் எழுதித் தறி முழுக்க ஒட்டி வைத்திருந்தாராம். நூல் சுற்றிய நாடாவை இந்தப் பக்கம் எறியும்போது ஒரு சொல், அந்தப் பக்கம் எறியும்போது அதன் கருத்து. வகுப்புக்கு வந்த நாட்களில்கூட அவருடைய தறியில் சாரன் குறையவில்லையாம். நான் அதைக் கேட்டுப் பூரித்துப் போனேன். அடுத்த தொகுதி மாணவர்களுக்கு, முதல் நாளே அந்தக் கதையைச் சொல்லவும் செய்தேன். பாறூக் சொன்ன சொல்லோடுதான் முடிப்பேன்.

"ஒரு சாரனும் குறையல்ல, மாஸ்டர். தறியும் ஓடின, இங்கிலீசும் ஓடின."

மற்றத் தறி

மூன்றாவது தரம் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது எனக்கே இடித்தது. ஒருவர் ஒரே காலையில் கல்முனையில் இருந்துகொண்டு மருதமுனையில் நெய்ய முடியாது. ஒன்றில் வகுப்பில் அவர் சொன்னது மிகை, அல்லது பாறூக் சொன்னது மிகை. இரண்டாம் பகுதிக்கான புத்தகப் பட்டியலைக் கொடுக்கிற சாட்டில் பாறூக்கையும் கூட்டிக்கொண்டு ஒரு பின்னேரம் நூர்ஜஹானின் வீட்டுக்குப் போனேன். அவருடைய வாப்பா கதிரை போட்டு இருத்தினார். உள்ளே இரண்டு தறிகள். நூர்ஜஹானின் தறிக் கட்டையில் கடதாசித் துண்டுகள் இருந்தது உண்மை. தறி முழுக்க இல்லை, ஏழு துண்டுதான்.

மற்றத் தறியில் இருந்தவர் அவருடைய மதினி ஹலீமா, மூத்த சகோதரரான நானாவின் மனைவி. நானா கத்தாரில். ஹலீமா தன் கைச்செலவுக்கென்று தனியாக நெய்கிறவர், எட்டாம் வகுப்போடு நின்றவர். நான் சுற்றி வளைக்காமல், வகுப்பு நாட்களில் நூர்ஜஹானின் சாரன் எப்படிக் குறையாமல் போனது என்று கேட்டேன். நூர்ஜஹான் நிலத்தைப் பார்த்தார். வாப்பா முற்றத்துப் பக்கம் திரும்பி இருமினார்; அவருக்கும் நெடுநாளாகத் தெரியும் போலிருந்தது. ஹலீமா நாடாவை நிறுத்தாமலே பதில் சொன்னார்.

"அவ போற நாளெல்லாம் அவட தறியில நான் இருந்த, சேர். என்ட தறி சும்மா நிண்ட. அவ வந்து வகுப்புக் கதையெல்லாம் சொல்லுவா. பேங்க் தொழப் போகுதா எண்டு கேட்ட கதைக்குச் சிரிச்சதில நூலும் அறுந்த. அது எனக்குக் கூலிதானே."

திரும்பி வந்ததும் வரவுப் பதிவேட்டை எடுத்து எண்ணிப் பார்த்தேன்: நூர்ஜஹான் வந்தது முப்பத்து நான்கு நாள், ஆகவே என் வகுப்புக்கு ஆக அதிகமாகக் கொடுத்துப் படித்தவர், முப்பத்து நான்கு சாரனைத் தன் தறியில் நெய்யாமல் விட்ட ஹலீமாதான்; அவருடைய பெயர் மட்டும் அந்தப் பதிவேட்டில் இல்லை.