கடை நேரத்தில் ஓடிய கேமரா

சாந்தோம் கடற்கரை ஓரம் ஒரு மீன் கிடங்கு. உப்புக்காற்று ஆறே மாதத்தில் எந்தக் கனெக்டரையும் பச்சை பூக்க வைத்துத் தின்றுவிடும். அங்கே நான் மாட்டிய கேமராக்கள் நாலு வருடமாக ஒன்றுகூட அணையாமல் ஓடுகின்றன. அடையாறில் ஒரு குடியிருப்பில் படித்த இஞ்சினியர்கள் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டு, சுவரை உடைக்காமல் வயர் இழுக்க முடியாது என்று கையை விரித்துவிட்டுப் போனார்கள். பழைய டெலிபோன் குழாய் வழியாகவே பதினாறு கேமராவுக்கும் வயரை இழுத்துக் கொடுத்தேன். ஒரு செங்கல் பெயரவில்லை. மயிலாப்பூரில் தேர் போகிற தெரு ஒன்றில் தேர் உச்சி தட்டாத உயரம் பார்த்துக் கேமராக் கம்பம் வைத்தவன் நான். தி. நகரில் மட்டும் பதினொரு கடையில் என் கேமரா. ஆதம்பாக்கத்தில் எனக்கு இரண்டு மாடி வீடு.

படிப்பு ஐந்தாவது, அதுவும் பாதியில். அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்து, கேபிள் டிவிக்காக மொட்டை மாடிக்கு மொட்டை மாடி தாவி வயர் கட்டிப் பிழைத்தவன். இந்த வேலைக்கு வந்தபோது இங்கிலீஷில் என் பெயரை எழுதத் தெரியாது. படம் பதிகிற பெட்டியின் திரையில் வரும் ‘பிளேபேக்’, ‘பேக்கப்’, ‘ஃபார்மேட்’ என்ற சொற்களை எழுத்தெழுத்தாக அட்டையில் பார்த்து எழுதிப் பழகினேன். அதுதான் எனக்கு அரிச்சுவடி. யாரும் கைதூக்கிவிடவில்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்படாமல் இருக்க நான் என்ன குறைச்சல் செய்துவிட்டேன்?

ஒரு குறை செய்தேன். அதைத்தான் எழுத வந்தேன்.

வாடிக்கையாளரிடம் நான் வழக்கமாக ஒன்று சொல்வேன்: “மனுஷன் பொய் சொல்வான், கேமரா பொய் சொல்லாது.” மயிலாப்பூரில் ஒரு மாமி தினமும் பால் பாக்கெட் காணாமல் போகிறதென்று கேமரா வைக்கச் சொன்னார். எதிர்வீட்டு வாட்ச்மேன்மேல் அவருக்குச் சந்தேகம். மறுநாள் படத்தை ஓட்டினால், மாமா வாசலில் குந்தி உட்கார்ந்து பூனைக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறார். மாமி திரையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். “நன்னா இருக்கு போங்கோ. ஆத்துலயே திருடனை வச்சுண்டு வாட்ச்மேனைச் சந்தேகப்பட்டேனே” என்றார். அந்தக் கதையை நூறு இடத்தில் சொல்லி நூறு கேமரா விற்றிருப்பேன்.

உஸ்மான் சாலையை ஒட்டிய தெரு ஒன்றில் ஒரு நகைக்கடை. முதலாளி திருநெல்வேலிப் பக்கம். எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். அந்தக் கடையில் ஒரு பழக்கம் உண்டு. கடையில் இருக்கும் அத்தனை சுவர்க் கடிகாரமும் கால் மணி நேரம் முந்தி ஓடும். அவருடைய அப்பா காலத்து ஏற்பாடு. வேலையாட்கள் நேரத்துக்கு வந்துசேர வேண்டும், நல்ல நேரம் முடிவதற்குள் வியாபாரம் தொடங்கிவிட வேண்டும் என்று வைத்தது. அதற்குக் கடை நேரம் என்று பெயர். சாப்பாட்டுக்குப் போவது, திரும்புவது எல்லாம் அந்த நேரத்தில்தான்.

கேமரா மாட்டி முடித்து, படம் பதிகிற பெட்டியில் சரியான நேரத்தை ஏற்றினேன். அண்ணாச்சி திரையைப் பார்த்தார்.

“என்ன கேமராக்காரரே, மணி தப்பா காட்டுதே.”

“இல்ல அண்ணாச்சி, இதான் கரெக்டு டைம்.”

“வெளிய உள்ளவனுக்கு அது கரெக்டு. கடைக்குள்ள வந்தா கடை நேரந்தான். கால் மணி கூட்டி வையும். பொட்டி மட்டும் ஒரு மணி, சுவரு ஒரு மணின்னா பொம்பளப் பிள்ளைக லேட்டா வந்துட்டு உம்ம பொட்டியக் கைகாட்டும்.”

நியாயமாகத்தான் பட்டது. கூட்டி வைத்தேன். எங்கேயும் குறித்து வைக்கவில்லை. இரண்டு வருடம் ஓடியது.

ஒருநாள் மத்தியானம் போன் வந்தது. ஒரு வளையல் காணோம். நான் போனபோது ஒரு சப்-இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். அந்தக் கடையில் ஒவ்வொரு நகைத் தட்டையும் அடிக்கடி எடை போட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். ஒன்று பத்துக்கு எடை சரியாக இருந்திருக்கிறது. ஒன்று முப்பதுக்குப் போட்டபோது ஒரு வளையல் குறைந்திருக்கிறது. அந்த இருபது நிமிடத்துக்குள் யாரோ எடுத்திருக்க வேண்டும்.

“ஒண்ணு பத்துலேர்ந்து ஓட்டுங்க பெரியவரே” என்றார் அவர்.

ஓட்டினேன். திரையில் ஒன்று பதினெட்டு. வளையல் கவுன்டரில் ஒரு பெண் மட்டும் நிற்கிறாள். தட்டு திறந்திருக்கிறது. அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கவுன்டருக்குக் கீழே குனிகிறாள். கை கீழே போய் மறைகிறது. கொஞ்ச நேரம் கழித்து நிமிர்கிறாள்.

“நிறுத்துங்க” என்று யாரும் சொல்லவில்லை. நானே நிறுத்தினேன். நானே திரைமேல் விரலை வைத்து, “இங்க பாருங்க சார், கை கீழ போவுது” என்றேன். எவ்வளவு தெளிவான படம் என்று காட்டுகிற ஆசை. அதற்குமேல் அந்தப் படத்தை யாரும் ஓட்டவில்லை.

அவளைக் கூப்பிட்டார்கள். எனக்குத் தெரிந்த பெண். எங்கள் ஆற்றங்கரையில் அடுத்த வரிசைக் குடிசையில் பிறந்தவள். குடிசைகளை எடுத்தபோது அவர்களுக்குப் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்துவிட்டார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

“காலு மாமா” என்றாள். “காத்தாலேர்ந்து நின்னுகினே கீறேன். காலு வீங்கிப் போச்சு. உக்காந்தா கத்துவாங்க. அதான் குனிஞ்சு அமுக்கி வுட்டேன். நீ சொல்லு மாமா, உனுக்குத் தெரியாதா என்னிய?”

“நான் சொல்றதுக்கு இன்னா கீது? கேமரா சொல்லுது” என்றேன்.

எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவளைச் சோதனை போட்டார்கள். எதுவும் கிடைக்கவில்லை. கூட்டாளிக்குக் கைமாற்றியிருப்பாள் என்றார்கள். படத்தைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். இரண்டாம் நாள் அவளைச் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

பதினேழாம் நாள், வாசல் கேமரா தெரியவில்லையென்று கூப்பிட்டார்கள். எலி வயரைக் கடித்திருந்தது. மாற்றிவிட்டுப் பெட்டி முன்னால் உட்கார்ந்தேன். பில் போடும் பெண் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டே, “அண்ணா, ஒரு மணி ஆயிடுச்சு, நாங்க போறோம்” என்றாள். திரையில் ஒரு மணி. என் கைபேசியில் பன்னிரண்டே முக்கால்.

அவளுடைய கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அதிலும் பன்னிரண்டே முக்கால்.

“இதுல கடை நேரம் வெக்கலையாம்மா?”

“இதுல முடியாதுண்ணா. இன்டர்நெட்டுலேர்ந்து தானா வருது. மாத்துனா பில்லு ஏறாது.”

தட்டு எடை ஏறுவதும் அந்தக் கம்ப்யூட்டரில்தான். எடை போட்டது கம்ப்யூட்டர் நேரம். படம் கடை நேரம். படத்தில் ஒன்று பதினெட்டு என்றால் உண்மையில் ஒன்று மூன்று. அவள் குனிந்து ஏழு நிமிடம் கழித்துத்தான் ஒன்று பத்துக்கு எடை போட்டிருக்கிறார்கள். அப்போது எல்லா வளையலும் தட்டில் இருந்திருக்கிறது. அவள் எடுத்திருக்கவே முடியாது.

எந்தக் கடைக்குப் பழுது பார்க்கப் போனாலும் முதலில் நேரத்தைப் பார்ப்பேன். இந்தப் பெட்டியில் மட்டும் பார்க்கவில்லை. இது நான் வைத்த நேரம் என்பதால்.

அந்தப் பெட்டியில் இருபது நாள் படந்தான் தங்கும். பழையதை அழித்துக்கொண்டு புதியது ஏறும். மூன்று நாள் பிந்தியிருந்தால் ஒன்றும் இருந்திருக்காது. அந்தத் தேதியை எடுத்து, நிறுத்திய இடத்திலிருந்து ஓட்டினேன். ஒன்று இருபத்தைந்து: தட்டை எடைக்கு எடுத்துப் போய்த் திரும்ப வைக்கிறார்கள். ஒன்று முப்பத்தேழு: அண்ணாச்சியின் தங்கை கணவர் கவுன்டருக்குள் வருகிறார். அந்தப் பெண்ணிடம் எதையோ எடுத்துவரச் சொல்கிறார். அவள் போகிறாள். அவர் தட்டின் மேல்துணியைத் தூக்குகிறார். கை தன் பேன்ட் பையில் போய்த் திரும்புகிறது. குனியவில்லை, அக்கம்பக்கம் பார்க்கவில்லை. சொந்தக் கடையில் நடக்கிற மாதிரி நடந்து போகிறார்.

அண்ணாச்சியைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார்.

“அவன் என் தங்கச்சி மாப்பிள வே. இது வெளிய போனா அவ வாழ்க்கை என்ன ஆகும், யோசிச்சீரா?”

“உள்ள ஒரு பொண்ணு கீது அண்ணாச்சி.”

“கேஸை வாபஸ் வாங்கிருதேன். அந்தப் பிள்ள வெளிய வந்துரும். நீரு பொட்டிய அழிச்சுரும்.”

அவர் நகர்ந்ததும் முழுப் படத்தையும் பென் டிரைவில் இறக்கிக்கொண்டு, நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். கம்ப்யூட்டர் நேரத்தையும் பெட்டி நேரத்தையும் அந்த சப்-இன்ஸ்பெக்டருக்கு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“அன்னிக்கு விரல வெச்சுக் காட்டுனது நீங்கதான பெரியவரே?”

“நான்தான் சார்.”

“அந்த நேரத்தை வெச்சதும்?”

“நான்தான்.”

“அப்போ இதை எழுதுனா முதல்ல உங்களைத்தான் எழுதணும். பரவால்லையா?”

பரவாயில்லை என்றேன். ஆனால் அவர் எழுதவில்லை. மறுநாளே அண்ணாச்சி வந்து, வளையல் வேறொரு தட்டில் கலந்து கிடந்தது, கிடைத்துவிட்டது, புகார் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தத் தாள் ஒவ்வொரு மேசையாக நகர்ந்து அவள் வெளியே வர மேலும் ஐந்து நாள் ஆனது. யாரும் திருடவில்லை, யாரும் தவறு செய்யவில்லை, கால் மணி நேரம் என்ற ஒன்றே கிடையாது என்கிற மாதிரி கோப்பை மூடிவிட்டார்கள். தங்கை கணவர் இப்போதும் கடைக்கு வருகிறார்.

ஒரு வாரம் கழித்துப் பெரும்பாக்கத்துக்குப் போனேன். லிப்ட் ஓடவில்லை, ஆறு மாடி ஏறினேன். கீழே அவள் வீட்டு எண்ணை விசாரித்தபோது ஒருத்தன், “யாரு, வளையலா?” என்றான். அதுதான் அங்கே அவளுக்குப் பெயர். பள்ளியில் பிள்ளைகள் அதே பெயரைச் சொல்வதால் அவளுடைய மகள் நின்றுவிட்டாள். மூன்று கடையில் வேலை கேட்டாளாம். பழைய கடையை ஏன் விட்டாய் என்று கேட்கிறார்களாம். என்ன சொல்வாள்?

உள்ளே வா என்று அவள் சொல்லவில்லை. வாசலிலேயே நின்று, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். எப்படிக் கண்டுபிடித்தேன், மூன்று நாள் தவறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொன்னேன். படித்த இஞ்சினியர்கூடக் கண்டுபிடித்திருக்க மாட்டான் என்றும் சொன்னேன் என்று நினைக்கிறேன். என் வாய் அப்படி.

அவள் கதவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கால் இன்னும் வீங்கித்தான் இருந்தது.

“நீ கண்டுபுடிச்ச. சர்தான் மாமா” என்றாள். “அத்த ஏன் என்கிட்ட வந்து சொல்ற? நான் எடுக்கலன்னு எனுக்குத் தெரியாதா? தப்பா சொன்னப்ப எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்ன. இப்ப ஆறு மாடி ஏறி வந்து காதுல சொல்ற.”

கதவைச் சாத்தவில்லை. உள்ளே போய்விட்டாள். திறந்த கதவு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கினேன்.

அதற்குப் பிறகு ஸ்டேஷனுக்கு நாலு தடவை போனேன். முடிந்த கோப்பைத் திறக்க முடியாது என்கிறார்கள். அண்ணாச்சி என்னைக் கடைக்குள் விடுவதில்லை. அந்தத் தெருவில் மற்ற கடைக்காரர்களும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். “பெரியவர் நல்லா வேலை செஞ்சாரு, வயசாயிடுச்சு” என்று சொல்கிறார்களாம். சொல்லட்டும். பென் டிரைவ் என்னிடம் இருக்கிறது. அதில் இருக்கிற படத்தை, அன்றைக்கு அந்தக் கடையில் வேலை செய்த ஒவ்வொருவரும் கடைசி வரைக்கும் பார்க்க வேண்டும்.

நான் யாரிடமும் எதுவும் இனாமாகக் கேட்டதில்லை. இப்போது கேட்பதும் இனாம் இல்லை, என் வேலைக்குரியது. வளையல் வேறு தட்டில் கிடைத்தது என்று எழுதியிருக்கிறார்கள். அண்ணாச்சி அதை அடித்துவிட்டு நடந்ததை எழுத வேண்டும். பெட்டியில் தப்பு நேரத்தை வைத்தவன் நான். படத்தைப் பாதியில் நிறுத்தி அவளைக் கைகாட்டியவன் நான். மீதியை ஓட்டிப் பார்த்து அவள் எடுக்கவில்லை என்று கண்டுபிடித்தவனும் நான்தான், வேறு எவனும் இல்லை. இந்த மூன்றையும் என் பெயரிலேயே எழுதி, கடை முத்திரை குத்தி, ஒரு நகலை அவள் கையில் கொடுக்க வேண்டும். இன்னொன்றைக் கடையில் எல்லோரும் வந்து போகிற இடத்தில் ஒட்ட வேண்டும். என் பங்கை விட்டுவிட்டு எழுதினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.