சத்தம் நின்ற சனிக்கிழமை

மாமாவின் ஏ.ரி.வி.யில் முதற்சத்தம் கேட்டது டிசம்பர் மாதத்து இரண்டாவது ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னர். இதை நான் ஞாபகத்திலிருந்து சொல்லவில்லை. அப்போது எனக்குப் பதினொரு வயது. நடந்ததையெல்லாம் திகதி போட்டுக் கொப்பியில் எழுதும் வியாதி அப்போதே தொடங்கிவிட்டது. கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. “பின்னுக்குப் போய் முன்னுக்கு எடுக்கும்போது டொக் என்றது. ஒன்றுமில்லை என்று மாமா சொன்னார்.” பென்சில் எழுத்து, கொஞ்சம் மங்கிவிட்டது.

நகரத்து வோபர்ன் அடுக்குமாடியை விட்டு ஊர்ப்புறமான ஸ்ரௌவ்வில் ஓரத்தில் நாங்கள் வீடு வாங்கிய முதற் குளிர்காலம் அது. வாசலிலிருந்து தெருவரைக்கும் பாதை நீளம். நடுவில் ஒரு மேடும் உண்டு. பனி தள்ளுவதற்கென்று, எங்களோடு இருந்த அம்மாவின் தம்பி, பழைய ஏ.ரி.வி. ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். தடித்த நாலு சில்லு, மோட்டார் சைக்கிள் போலக் கைபிடி, முன்னால் பனி தள்ளும் தகடு. கைபிடியில் ஒரு பொத்தான். அதைப் போட்டால் நாலு சில்லும் இழுக்கும். எடுத்துவிட்டால் பின்சில்லு இரண்டும் மட்டும்.

மாமா அதை எடுத்துவிட்டதே இல்லை. யாராவது தவறி அமர்த்திவிடாதபடி மேலே கறுத்த ரேப் வேறு ஒட்டிவிட்டார். “நாலுக்குக் காசு குடுத்திட்டு ரெண்டில ஓட எனக்கென்ன விசரே?”

எங்கள் வீட்டில் யாருக்கும் இது பிழையாகப் படவில்லை. வேண்டியமட்டும் சாப்பிடலாம் என்ற உணவகங்களில் பெரியப்பா இறால் தட்டைக் கைவிடாத அதே நியாயம்தான்.

கிறிஸ்மஸ் முழுவதும் டொக் கேட்டது. புதுவருடத்துக்குப் பிறகு டொக் டொக் ஆனது. ஜனவரி மூன்றாவது சனிக்கிழமை காலை, திடீரென்று நின்றுபோனது. அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலுக்கு வந்து காது கொடுத்துக் கேட்டார். “நிண்டிட்டுது என்ன? நான் அந்தோனியாருக்கு நேர்ந்தனான்.” மறுநாள் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினோம்.

ஆனால் அந்தச் சனிக்கிழமையிலிருந்தே வண்டிக்கு முன்பிருந்த பலம் இல்லை. மேட்டில் பாதி ஏறி வழுக்கியது. பெரியப்பா வந்து, பொக்கற்றிலிருந்து கையை எடுக்காமலே நோயைச் சொன்னார். “பின் டிஃபரன்ஷல் போட்டுது, தம்பி. பின்சில்லுக்கு நடுவில இருக்கிற பெட்டி. அது மாத்துற நேரம் வேற வண்டி எடுக்கலாம். வித்துப்போடு. விட்பியில எனக்குத் தெரிஞ்ச ஒராள் இருக்கிறார், வாற ஞாயிறு வருவார்.”

மாமா தகட்டில் ஒட்டியிருந்த பனியைக் காலால் தட்டிவிட்டார். அவருக்குப் பின்னால் ஏறி, பாதையின் கடைசிக்குப் போய்த் தபால் எடுத்து வருவது என்னுடைய பதவி. வண்டி போனால் பதவியும் போகும்.

அந்த ஞாயிறு வீடு முழுவதும் ரோல்ஸ் வாசம். அம்மா மாமாவை இரண்டுதரம் சவரம் செய்யவைத்து, நீலச் சேர்ட்டைக் கொடுத்தார். “பழைய இரும்பு விக்கிறதுக்கும் இவ்வளவு எடுப்போ, அக்கா?” என்று மாமா கேட்டார். அம்மா எண்ணெய்ச் சட்டியில் ரோல்ஸைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

விட்பி அங்கிள் கழுவித் துடைத்த சாம்பல் நிறக் காரில் வந்தார். தேத்தண்ணி குடித்தபடி, மாமா எங்கே வேலை, இரவு வேலை உண்டா, எந்தக் கோயிலுக்குப் போவார், குடி கிடி உண்டா என்றெல்லாம் கேட்டார். பிறகு எல்லாரும் கராஜுக்குப் போனோம். பெரியப்பா வண்டியின் முதுகில் தட்டி, “உதைக் கொண்டுபோங்கோ, இடமாவது மிஞ்சும்” என்றார்.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. கொப்பியோடு நடுவே போய் நின்றேன்.

“மாமா, சத்தம் நிண்டதும் மேட்டில வழுக்கத் தொடங்கினதும் ஒரே நாள். சுகமாகி நிண்டதெண்டால் ஏன் அண்டைக்கே வழுக்கினது?”

“உவள் டொக்டருக்குப் படிக்கிறாளாக்கும்!” பெரியப்பா சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. கொப்பியை வாங்கி, விரல் வைத்து வாசித்தார். பிறகு கறுத்த ரேப்பை உரித்துப் பொத்தானை எடுத்துவிட்டு, வண்டியை முடுக்கினார். என்ஜின் அலறியது. வண்டி ஓர் அங்குலமும் நகரவில்லை.

“பின்சில்லு இழுக்கவே இல்லை. இவ்வளவு நாளும் முன்சில்லு ரெண்டும்தான் இழுத்துக்கொண்டு திரிஞ்சிருக்கு. நான்தான் ரேப் ஒட்டி மறைச்சனான். பிழை என்ர.”

“அதைத்தானே நானும் சொன்னன், டிஃபரன்ஷல்!”

“பொறுங்கோ அண்ணை.”

என்ஜினை நிறுத்தி, கியரில் விட்டு, பின்பக்கத்தை ஜக்கில் தூக்கினார். நீலச் சேர்ட்டோடு காட்போட் மட்டையில் படுத்தார். அம்மா “ஐயோ சேர்ட்டு” என்றார். என்ஜினிலிருந்து வரும் நீளத் தண்டு பின்பெட்டியைச் சேரும் இடத்தில் ஒரு றப்பர் உறை. அதைக் கழற்றி, என்னிடம் சோக்கட்டி வாங்கி, தண்டிலிருந்து பெட்டியின் கழுத்துவரை ஒரே கோடாக இழுத்தார். மறுபக்கம் நான் ரோர்ச்சோடு படுத்திருந்தேன். பெரியப்பாவையே சில்லு இரண்டையும் உருட்டச் சொன்னார்.

பெட்டிப் பக்கத்துக் கோடு சுற்றிப் போனது. தண்டுக் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது.

“மாமா! கோடு உடைஞ்சிட்டுது!”

“அரையிற சத்தம் ஏதும் கேக்குதோ?”

“இல்லை! வழுவழுவெண்டு போகுது!”

“அப்ப பெட்டி சுகம். தண்டையும் பெட்டியையும் பிடிக்கிற குழாயின்ர பல்லுத்தான் போட்டுது.”

கழற்றி எடுத்தபோது அது என் உள்ளங்கையளவுகூட இல்லை. உள்ளே பல் இருக்கவேண்டிய இடம் மோதிரம் போல வழவழப்பாக இருந்தது. தேயத் தேய டொக். அடிபடப் பல்லே இல்லாதபோது அமைதி. அந்த அமைதிக்குத்தான் நாங்கள் மெழுகுதிரி கொளுத்தியிருந்தோம். பெரியப்பா குழாயைக் கண்ணில் வைத்துக் கூரையைப் பார்த்தார். “சின்னச் சாமான்” என்றுவிட்டு ரோல்ஸ் எடுக்க உள்ளே போனார்.

புதன்கிழமை புதுக் குழாய் போட்டாயிற்று. பின்சில்லு இரண்டில் மட்டும், தகட்டில் பனி நிறைய, வண்டி மேடு ஏறியது. மாமாவின் முதுகைப் பிடித்தபடி நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மேட்டின் உச்சியில் பெரியப்பா நின்று, தானே கண்டுபிடித்தவர் போல எங்களுக்குக் கை காட்டினார்.

கொப்பியின் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: “விட்பி அங்கிள் சின்னக் காரில் வந்தார். ட்ரெயிலர் கொண்டுவரவில்லை. வண்டியைப் பற்றி இரண்டு கேள்வி, மாமாவைப் பற்றிப் பதினொன்று. வாங்காமல் போய்விட்டார். எங்களுக்கு வெற்றி.” கடைசிச் சொல்லின் கீழ் இரண்டு கோடு.

அடுத்த கோடையில் விட்பி அங்கிளின் மகள் எனக்கு மாமியானார். கோயிலில் அவருக்கு முன்னால் பூத் தூவிப் போனவள் நான்தான். அந்த ஞாயிறு தகப்பன் வீடு திரும்பிச் சொன்னதை மாமி வெகுகாலத்துக்குப் பிறகு எனக்குச் சொன்னார்: “சின்னப் பிள்ளை சொன்னதைக் கேட்டு, எல்லாருக்கும் முன்னால பிழை என்ரயெண்டு சொன்ன பெடியன். எனக்கு அது காணும், வேறொண்டும் வேண்டாம்.”

இரண்டு திகதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வண்டியின் நோயைப் பிடித்தவள் நான். ட்ரெயிலர் இல்லாமல் வந்த மனிதர் எங்கள் வீட்டிலிருந்து எதைக் கொண்டுபோக வந்தார் என்று அந்தப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறிகூடப் போடவில்லை.